ரோபோவா, கதிர்வீச்சா? அப்பாவின் டான்சில் புற்றுநோயும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதி, மருத்துவ அறிக்கைகளின் படங்களையும் இணைத்திருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தைக்கு வயது 61. சிறிய ஜவுளிக்கடை நடத்துகிறார். முப்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது அதை விட்டுவிட்டார். வெற்றிலை பாக்கை மட்டும் விடவில்லை. சர்க்கரை நோயும் உண்டு. நான்கு மாதங்களாக வலப்பக்கத் தொண்டையில் வலி, விழுங்கும்போது காது வரை இழுக்கும் குடைச்சல், தாடைக்குக் கீழே ஒரு நெறிக்கட்டி. பயாப்ஸியில் வலது டான்சிலில் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி 2.6 சென்டிமீட்டர், கழுத்து நெறி 2.8 சென்டிமீட்டர். பி16 என்ற பரிசோதனை பாசிட்டிவ்.

முதல் மருத்துவமனையில் இதை முதல் நிலை என்றும், ரோபோ அறுவை சிகிச்சை செய்தால் 95 சதவீதம் வெற்றி என்றும் சொல்லியிருக்கிறார்கள். "கழுத்தில் கத்தியே படாது, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டிய வேலையும் இல்லை" என்று அங்கிருந்த ஓர் ஊழியர் உறுதியளித்திருக்கிறார். இரண்டாவது மருத்துவமனை மூன்றாம் நிலை என்று எழுதி, 35 நாள் கதிர்வீச்சும் கூடவே கீமோவும் என்று சொல்லிவிட்டது. குடும்பம் ஒரு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்து ரோபோ சிகிச்சைக்குப் பணம் புரட்டத் தயாராகிறது. அடுத்த வாரம் முன்பணம் கட்ட வேண்டும். அப்பாவிடம் "சதை வளர்ச்சி" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பி16 என்பது வைரஸ் சம்பந்தப்பட்டது என்று யாரோ சொன்னதிலிருந்து, பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் அம்மா அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்திருக்கிறார். தெருவில் ஒருவர் தொண்டைப் புற்றுநோய்க்குப் பிறகு கழுத்தில் துளையோடு, பேச்சின்றி இருப்பதைப் பார்த்ததால் அப்பாவும் அப்படி ஆகிவிடுவாரோ என்ற கலக்கமும் இருக்கிறது. "ரோபோவா, கரண்டா, எது நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் அனுப்பிய அறிக்கைகளைப் படித்த பிறகு, ரோபோவா கதிர்வீச்சா என்ற கேள்விக்கு முன்பே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி விடுபட்டுப் போயிருப்பதாக எனக்குப் படுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் அதோடு அப்பாவின் சிகிச்சை முடிந்துவிடுமா, அல்லது அதற்குப் பிறகும் கதிர்வீச்சும் கீமோவும் தேவைப்படுமா என்பதுதான் அது. தேவைப்படும் வாய்ப்பு அதிகம் என்றால், ஒரே தொண்டை மூன்று சிகிச்சைகளின் பக்கவிளைவுகளையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். நான் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்பவன். கத்தியை எடுக்கத் தயங்குகிறவன் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு நோயாளியை அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வது சரியில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் தெருக்காரரைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அவருக்குக் குரல்வளையில் நோய் வந்து, குரல்வளையையே முழுவதுமாக எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் மூச்சுக்கான துளை கழுத்தில் நிலையாக இருக்கிறது. உங்கள் அப்பாவின் நோய் டான்சிலில், அதாவது வாயின் பின்புறத்தில் இருக்கிறது. எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும் குரல்வளையை எடுக்க வேண்டிய தேவை இதில் எழவில்லை. அறுவைக்குப் பின் வீக்கத்தால் மூச்சுத் தடைபடாமலிருக்கச் சிலருக்குத் தற்காலிகமாக ஒரு குழாய் வைப்பார்கள். சில நாட்களில் அதை எடுத்துவிடுவார்கள்.

ரோபோ செய்வதும் செய்யாததும்

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. அறுவை மருத்துவர் சற்றுத் தள்ளி ஒரு மேசையின் முன் அமர்ந்து, முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி தன் விரல்களால் இயக்க, நோயாளியின் வாய்க்குள் செலுத்தப்பட்ட மெல்லிய கருவிகள் அந்த அசைவுகளை அப்படியே செய்கின்றன. முன்பு நாக்கின் அடிப்பகுதி போன்ற ஆழமான இடங்களை எட்டுவதற்குக் கீழ் உதட்டையும் தாடையெலும்பையும் பிளக்க வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையைத் தவிர்த்ததுதான் இந்த முறையின் பெரிய சாதனை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிரெகரி வைன்ஸ்டீன், பெர்ட் ஓமாலி ஆகிய இரு மருத்துவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். 2009 டிசம்பரில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் டா வின்சி ரோபோவை வாய்வழித் தொண்டை அறுவைக்கு அனுமதித்தது. அந்த அனுமதியும் சிறிய கட்டிகளுக்கு, அதாவது நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாதவற்றுக்குத்தான்.

"கழுத்தில் கத்தியே படாது" என்று சொன்னது தவறு. டான்சில் கட்டியை வாய் வழியாக எடுத்தாலும், கழுத்திலுள்ள நெறிகளை நீக்கக் கழுத்தில் கீறல் போட்டே ஆக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நெறி ஏற்கெனவே கட்டியிருப்பதால் அந்த அறுவையைத் தவிர்க்க முடியாது. அதை அன்றே செய்வதும் உண்டு, சில நாட்கள் இடைவெளி விட்டுச் செய்வதும் உண்டு. அப்போதே தொண்டைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனிக் கிளைகளைக் கட்டிவிடுவது நல்லது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரோபோவின் அருமை நாக்கின் அடிப்பகுதியில்தான் முழுமையாகத் தெரியும். டான்சில் வாயைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரியும் இடம். அங்குள்ள சிறிய கட்டியைப் பழகிய கைகள் லேசராலோ, சாதாரண மின் கருவியாலோ வாய் வழியாகவே எடுத்துவிட முடியும். ரோபோவுக்கென்று தனியாகக் கேட்கப்படும் தொகைக்காக நிலத்தை அடமானம் வைக்கும் முன், "ரோபோ இல்லாமல் வாய் வழியாக இதே அறுவையைச் செய்ய முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

முதல் நிலையா, மூன்றாம் நிலையா?

இரண்டு மருத்துவமனைகளில் ஒன்று பொய் சொல்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அப்படி இல்லை. தொண்டையின் நடுப்பகுதியில் வரும் புற்றுநோயில் எச்.பி.வி. என்ற மனிதப் பாப்பிலோமா வைரஸால் வருவதும், புகையிலை, மது ஆகியவற்றால் வருவதும் வேறு வேறு நோய்களைப் போல நடந்துகொள்கின்றன. அதனால் 2017இல் வெளியான எட்டாம் பதிப்பு நிலைப்படுத்தல் விதிகளில் (புற்றுநோய் எந்த நிலையில் இருக்கிறது என்று கணிக்கும் விதிகள்) இவ்விரண்டுக்கும் தனித்தனி அட்டவணை தரப்பட்டது. 2.6 சென்டிமீட்டர் கட்டியும் ஒரே பக்கத்தில் 2.8 சென்டிமீட்டர் நெறியும் பி16 பாசிட்டிவ் அட்டவணையில் முதல் நிலை, மற்ற அட்டவணையில் மூன்றாம் நிலை. ஒருவர் ஓர் அட்டவணையையும் மற்றவர் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள். அப்பாவின் உடம்பில் இருக்கும் நோய் ஒன்றேதான்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பி16 என்பது வைரஸை நேரடியாகக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அன்று. வைரஸ் இருந்தால் செல்லில் பொதுவாகக் கூடிவிடும் ஒரு புரதத்தைத்தான் அது காட்டுகிறது. பி16 பாசிட்டிவாக இருந்தும் வைரஸ் இல்லாத கட்டிகள் உண்டு. புகையிலையால் வரும் தொண்டைப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டைப் போன்ற இடங்களில் இந்த முரண்பாட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. 2023இல் பல நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வொன்றில், பி16, வைரஸ் இரண்டும் பாசிட்டிவாக இருந்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் சுமார் 81 சதவீதம். பி16 பாசிட்டிவ், வைரஸ் நெகட்டிவ் என்றிருந்தவர்களில் அது சுமார் 55 சதவீதமே. முப்பது ஆண்டு பீடிப் பழக்கம் உள்ள உங்கள் அப்பாவுக்கு, அதே பயாப்ஸித் துண்டில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள். மறுபடி சதை எடுக்க வேண்டியதில்லை. மெழுகில் பதித்து வைத்திருக்கும் மாதிரியே பெரும்பாலும் போதும். வைரஸ் இருப்பது உறுதியானாலும், நெடுநாள் புகைப் பழக்கம் அந்த நற்பலனில் ஒரு பங்கைக் குறைத்துவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி

பெட் சிடி ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கழுத்து நெறியைப் பற்றிய பத்தியின் கடைசி வரியை எடுத்துப் பாருங்கள். நெறியின் விளிம்பு ஒழுங்கற்று இருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்பில் இழை இழையாக மாற்றம் தெரிகிறது, உறையைத் தாண்டியிருக்கக் கூடும் என்று அங்கே எழுதியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரும் இதை உங்களுக்கு விளக்கவில்லை என்று தெரிகிறது. என் பார்வையில், ரோபோவின் விலையைவிடவும் மருத்துவமனையின் பெயரைவிடவும் இந்த முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த வரிதான்.

நெறிக்கு ஒரு மெல்லிய உறை உண்டு. புற்றுநோய் அந்த உறைக்குள்ளேயே இருந்தால் அறுவையோடு நிறுத்தவோ, குறைந்த அளவு கதிர்வீச்சோடு முடிக்கவோ வாய்ப்பு இருக்கிறது. உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அறுவை எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் அதற்குப் பிறகு கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்தே தரப்படும். 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு இது உலகெங்கும் நடைமுறையாகிவிட்டது. ஸ்கேனை மட்டும் வைத்து உறை கிழிந்ததை நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே தலை, கழுத்துப் படங்களைப் பார்த்துப் பழகிய இன்னொரு ரேடியாலஜி மருத்துவரிடம் அந்தக் குறுந்தகட்டைக் கொடுத்து, இந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.

உறைக்குள்ளேயே நோய் இருந்தாலும் "கரண்ட் வைக்க வேண்டிய வேலை இல்லை" என்ற வாக்குறுதி பெரும்பாலோருக்குப் பலிப்பதில்லை. அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளியான இ3311 என்ற ஆய்வில், பி16 பாசிட்டிவ் நோயாளிகளுக்கு, தகுதி சோதிக்கப்பட்ட அறுவை மருத்துவர்கள் வாய்வழி அறுவை செய்தார்கள். பகுத்தாயப்பட்ட 359 பேரில் அறுவையோடு சிகிச்சை முடிந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். பத்தில் மூவருக்குக் கதிர்வீச்சோடு கீமோவும் தேவைப்பட்டது. மற்றவர்களுக்குக் குறைந்த அல்லது வழக்கமான அளவு கதிர்வீச்சு தரப்பட்டது. நல்ல செய்தி என்னவென்றால், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பாமலும் உயிருடனும் இருந்தவர்கள் எல்லாப் பிரிவுகளிலும் 90 சதவீதத்துக்கு மேல். உங்களிடம் சொன்ன 95 சதவீதம் இப்படிப்பட்ட ஆய்வு ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அது பலருக்குக் கதிர்வீச்சும் சேர்ந்து கிடைத்த பலன். ரோபோவின் தனி வெற்றியாக அதைச் சொல்வது நியாயமில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால்

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 68 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கதிர்வீச்சும் (தேவைப்பட்டால் கீமோவும்) மீதிப் பேருக்கு ரோபோ அறுவையும் அளித்த ஓரேட்டர் என்ற ஆய்வு 2019இல் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு விழுங்கும் திறனை நூறு மதிப்பெண்ணுக்கு அளந்தபோது, கதிர்வீச்சுப் பிரிவுக்கு 86.9, அறுவைப் பிரிவுக்கு 80.1. பத்து மதிப்பெண் வித்தியாசம் இருந்தால்தான் நோயாளியின் அன்றாட வாழ்வில் அது தெரியும் என்று வைத்திருந்ததால், இதைப் பெரிய வேறுபாடாகக் கொள்ள முடியாது. ஆனால் ரோபோ செய்தால் விழுங்குவது சிறப்பாக இருக்கும் என்று அதுவரை பரவலாக இருந்த நம்பிக்கைக்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. கதிர்வீச்சுப் பிரிவில் காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதும் அதிகம், அறுவைப் பிரிவில் வாய் இறுக்கம் அதிகம். ஐந்தாண்டு முடிவுகளிலும் உயிர் பிழைப்பதில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறுவையின் ஆபத்துகளில் நான் மறைக்காமல் சொல்ல வேண்டியது ரத்தக்கசிவு. வாய்வழி அறுவையில் எடுத்த இடத்தைத் தைத்து மூடுவதில்லை. அது புண்ணாக இருந்து தானாகவே ஆறும். மேலே படிந்த வெண்படலம் உதிரும் இரண்டாவது வாரத்திலும் ரத்தம் பீறிடலாம். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை ஏதோ ஓர் அளவில் ரத்தக்கசிவைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலும் கட்டுப்படுத்திவிட முடிகிறது, ஆனால் உயிர் போவதும் உண்டு. ஓரேட்டர் ஆய்வில் அறுவைப் பிரிவில் ஒருவர் இப்படி இறந்தார். அதன் அடுத்த ஆய்வு 61 பேரோடு நடந்தபோது, அறுவைப் பிரிவில் இருவர் சிகிச்சையின் விளைவுகளால் இறந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். கழுத்து அறுவையின்போதே தமனிக் கிளைகளைக் கட்டச் சொன்னது இதனால்தான். அது கடுமையான ரத்தக்கசிவைக் குறைக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ரத்தம் உறையாமலிருக்க அப்பா சாப்பிடும் மாத்திரை இங்கே மிக முக்கியம். அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, அறுவை மருத்துவரிடம் சொல்லாமல் விடவும் கூடாது. இதய மருத்துவர் எழுத்தில் தரும் அறிவுரை வேண்டும். அறுவை செய்வதானால், வீடு திரும்பியபின் குறைந்தது இரண்டு வாரங்கள் அந்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்குங்கள். நள்ளிரவில் வாயிலிருந்து ரத்தம் வரும்போது மூன்று மணி நேரப் பயணம் என்பது நினைத்துப் பார்க்க முடியாதது.

கதிர்வீச்சும் லேசான காரியமல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து வாயும் தொண்டையும் வெந்துபோகும், சுவை போகும், எச்சில் பிசினாகும். சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு தர வேண்டியிருக்கும். முடிந்தபின் வாய் வறட்சி நீடிக்கலாம், தைராய்டு மந்தமாகலாம், ஆண்டுகள் கழித்தும் விழுங்குவதில் இறுக்கம் வரலாம். சொத்தைப் பல்லோடு கதிர்வீச்சுக்குப் போய், பிறகு அந்தப் பல்லைப் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் அரித்துப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே பல் மருத்துவரை முதலில் பார்த்துவிட வேண்டும். கூடவே தரும் சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக் கூடியது. சர்க்கரை நோயாளியான அப்பாவுக்குச் சிறுநீரகச் செயல்பாட்டையும் கேட்கும் திறனையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் ஒத்துவராதவர்களுக்கு டோசிடாக்சல் பலன் தருகிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு காட்டியிருப்பதால், வேறு வழியே இல்லை என்று கலங்க வேண்டாம்.

வாய் எவ்வளவு திறக்கிறது?

"அப்பா இப்போது சோற்றைச் சின்னக் கவளமாக உருட்டித்தான் உள்ளே தள்ளுகிறார், வாயை அகலமாகத் திறக்க முடியவில்லை" என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் என் கண் நின்றுவிட்டது. அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விரல் போனால் பெரும்பாலும் கவலையில்லை. இரண்டு விரலோடு நின்றுவிட்டால், காரணம் என்ன என்று கண்டறிந்தாக வேண்டும்.

பாக்கு நெடுநாள் மென்றவர்களுக்கு வாயின் உட்சவ்வு நார்போல இறுகி, வாய் திறப்பது குறைந்துவிடும். அது காரணமாக இருந்தால், ரோபோவின் கருவிகளும் வாயைத் திறந்து வைக்கும் சட்டமும் உள்ளே போவதற்கே இடம் போதாமல் போகலாம். வலியால் திறக்க முடியாமலிருந்தால், மயக்கம் கொடுத்தபின் தசை தளர்ந்து வாய் நன்றாகத் திறக்கும். மூன்றாவது சாத்தியம் கட்டி டான்சிலைத் தாண்டித் தாடையை அசைக்கும் தசைக்குள் இறங்கியிருப்பது. அப்படியானால் 2.6 சென்டிமீட்டர் என்ற அளவுக்கு மதிப்பே இல்லை. நோயின் நிலையே மாறிவிடும், வாய்வழி அறுவை என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், மயக்கம் கொடுத்துச் செய்யும் ஒரு பரிசோதனையும் இதைத் தெளிவாக்கிவிடும். டான்சிலுக்குப் பின்னால் ஓடும் கழுத்துப் பெருந்தமனி சிலருக்கு உள்பக்கமாக வளைந்து, தொண்டைச் சுவரை ஒட்டியே இருக்கும். அவர்களுக்கும் இந்த அறுவை ஆகாது. ஸ்கேனிலேயே அது தெரிந்துவிடும்.

அப்பாவிடம் சொல்வது

சதை வளர்ச்சி என்று சொல்லி வைத்திருப்பது அவர்மேல் உள்ள அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். தன் உடம்பில் என்ன செய்யப் போகிறார்கள், அதன் ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று அறிந்து சம்மதிக்கும் உரிமை சுயநினைவோடு இருக்கும் நோயாளிக்கே உரியது. சமிரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மகளின் கையொப்பம் அப்பாவின் சம்மதத்துக்கு ஈடாகாது. சட்டத்தை விடுங்கள், சிகிச்சைக்கே இது தேவை. விழுங்கும் பயிற்சிகளை ஒரு நாளைக்குப் பலமுறை, வலியோடு, மாதக்கணக்கில் செய்ய வேண்டியவர் அவர். பாக்கை விட வேண்டியவரும் அவர்தான். சாதாரணச் சதை வளர்ச்சிக்காக யாரும் ஏழு வாரம் தொண்டை வேகப் பொறுத்திருக்க மாட்டார்கள். கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் உள்ள பலகையை அவர் தானாகப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் வாயால், குணமாகும் வாய்ப்புள்ள நோய் என்ற உண்மையோடு சேர்த்துத் தெரிந்துகொள்வது மேல். எப்படித் தொடங்குவது என்று தயக்கமாக இருந்தால், மருத்துவரின் அறையில், அவரைச் சொல்ல வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அம்மாவிடமும் பேச வேண்டும். இந்த வைரஸ் ஒரே தம்ளரில் தண்ணீர் குடிப்பதால் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவதால் எதுவும் நேராது. அது நெருங்கிய உடலுறவின் மூலம் பரவும் வைரஸ்தான். ஆனால் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் பெரும்பாலோருக்கு வந்து, தானாகவே போய்விடும் அளவுக்குப் பொதுவானது. எந்தக் காலத்தில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படலாம். இதை வைத்து அப்பாவின் ஒழுக்கத்தைப் பற்றி யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். தனித் தட்டு அவருக்குத் தரும் வேதனைதான் இப்போது வீட்டில் தவிர்க்கக்கூடிய வேதனை. உங்கள் மகளுக்கு 12 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தாவின் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லாமலே, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் போடுவதற்கு அது ஏற்ற வயது.

பணமும் காலமும்

நிலத்தை அடமானம் வைத்து மொத்தத்தையும் ரோபோ அறுவையில் செலவழித்துவிட்டு, ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டிய கதிர்வீச்சுக்குக் கையில் காசில்லாமல் நிற்பதுதான் நான் அஞ்சும் நிலைமை. அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சு தள்ளிப்போகப் போக அதன் பலன் குறையும். ஆகவே அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றுக்கும் சேர்த்தே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அப்பாவுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்கிறீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரோபோ அறுவையைக் காப்பீட்டிலிருந்து அடியோடு விலக்கக் கூடாது என்றது. ஆனால் அதற்கென்று உச்சவரம்பு வைக்க நிறுவனத்துக்கு அனுமதி தந்தது. பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்கள் குடும்பத்துக்கு இருந்தால், கதிர்வீச்சும் கீமோவும் அதில் எந்த அளவுக்கு அடங்கும் என்று அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் நிலத்தை விற்காமலே நல்ல சிகிச்சை பெற்றவர்கள் ஏராளம்.

இன்னொரு கருத்தைக் கேட்பதற்காக ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் நோய் கைமீறிப் போய்விடாது. மாதக்கணக்கில் இழுத்தடிப்பதுதான் கெடுதல். அறிக்கைகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. பயாப்ஸியால் நோய் பரவிவிட்டது என்று உறவினர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

என் கருத்து

அறிக்கைகளை மட்டும் பார்த்துச் சொல்வது இது, அப்பாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை. நெறியின் உறை கிழிந்திருக்கிறது என்று இரண்டாவது ரேடியாலஜி மருத்துவரும் சொன்னாலோ, கட்டி தாடைத் தசைக்குள் இறங்கியிருந்தாலோ, அறுவையை விட்டுவிட்டுக் கதிர்வீச்சும் கீமோவும் என்ற வழியில் நேராகப் போவதையே நான் ஆதரிப்பேன். எப்படியும் தேவைப்படப் போகும் சிகிச்சைக்கு முன்னால் ஓர் அறுவையைச் சேர்ப்பதில் அவருக்கு லாபமில்லை. உறை முழுதாக இருந்து, வாயும் மயக்கத்தில் நன்றாகத் திறந்து, இதய மருத்துவரும் மாத்திரையைக் கையாள ஒரு வழி சொன்னால், வாய்வழி அறுவை நியாயமான தேர்வு. கதிர்வீச்சின் அளவைக் குறைக்கவும், கீமோவைத் தவிர்க்கவும் அது உதவக் கூடும். பிற்காலத்தில் அதே இடத்தில் நோய் திரும்பினால் கதிர்வீச்சு என்ற ஆயுதமும் முழுமையாகவோ ஓரளவோ கையிருப்பில் இருக்கும். அப்போதும் அதை ரோபோவால்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். கருவியைவிட, அந்த மருத்துவர் இந்த அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அவர்களில் எத்தனை பேருக்கு வெட்டிய ஓரத்தில் நோய் மிஞ்சியது, எத்தனை பேருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார்.

இந்த வாரம் எம்.ஆர்.ஐ., வைரஸ் பரிசோதனை, பல் மருத்துவர், இதய மருத்துவர் ஆகிய நான்கையும் முடியுங்கள். அறுவை, கதிர்வீச்சு, கீமோ மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டம் எந்த மருத்துவமனையில் நடக்கிறதோ அங்கே அப்பாவை அழைத்துச் சென்று, அந்தக் கூட்டத்தின் முடிவை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வரும்வரை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.